வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்?

2012 மார்ச் 27. நள்ளிரவு தாண்டி ஆறு நிமிடம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வேலி என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், 275-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு கார் ஓரக் கோட்டைத் தாண்டி ஒன்றிரண்டு விநாடி ஓடிவிட்டு, வெடுக்கென்று சாலைக்குத் திரும்புகிறது. பின்னால் வந்த போலீஸ்காரர் விளக்கைப் போட்டு நிறுத்துகிறார். சாலையில் பள்ளம் இருந்ததால் ஒடித்தேன் என்கிறார் ஓட்டியவர். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் அடையாள அட்டையும் சரிபார்க்கப்படுகிறது. அபராதம்கூட இல்லை, எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான். 12 மணி 28 நிமிடத்துக்குள் சீட்டும் ஆவணங்களும் கைக்கு வந்துவிட்டன. வந்த வேலை முடிந்துவிட்டது என்று அந்த அதிகாரியே பிறகு கோர்ட்டில் சொன்னார்.

ஆனால் அவர் போக விடவில்லை. என் நாயை உங்கள் காரைச் சுற்றி ஒரு நடை கூட்டிப்போகலாமா என்று கேட்டார். ஓட்டியவர் மறுத்தார். உடனே காரை அணைத்துவிட்டு இறங்கச் சொல்லி, இன்னொரு போலீஸ்காரர் வரும்வரை நிற்க வைத்தார். நாய் இரண்டாவது சுற்றில் மோப்பம் காட்டியது. காருக்குள் மெத் என்கிற மெத்தாம்ஃபெட்டமின் பை இருந்தது. எச்சரிக்கைச் சீட்டுக்கும் நாயின் மோப்பத்துக்கும் நடுவே ஓடியது ஏழெட்டு நிமிடம்.

அந்த ஏழெட்டு நிமிடத்துக்காக வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஏப்ரல் 21 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்திய போலீஸின் அதிகாரம், அந்த விதிமீறல் தொடர்பான வேலை முடிந்ததும் முடிந்துவிடுகிறது. நியாயமான சந்தேகம் தனியாக இல்லாமல் நாய்க்காகக் கொஞ்ச நேரம் நிற்க வைப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார் அவர். காரை ஓட்டியவரின் பெயரால் இது ராட்ரிகேஸ் வழக்கு.

இந்தக் கட்டுரை மெத் பைகளைப் பற்றியதல்ல, அதைவிடச் சின்னச் சின்ன வழக்குகளைப் பற்றியது. காரின் கோப்பைத் தாங்கியில் கிடந்த ஒரு கண்ணாடிக் குழாய், டாஷ்போர்டு அறையில் இருந்த சிறு தராசு, கஞ்சா இலையை அரைக்கும் உள்ளங்கையளவு டப்பா. ‘ட்ரக் பாராஃபெர்னேலியா’ என்ற பிரிவில், அதாவது போதைப் பொருளுக்கான உபகரணம் வைத்திருந்ததாக, அமெரிக்கச் சாலையோரங்களில் தினந்தோறும் எழுதப்படும் வழக்குகள் இவை. இவற்றில் சிக்கும் பலர் அந்தக் குழாய் யாருடையது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்? எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள்? இந்த இரண்டுக்கும் போலீஸிடம் சரியான பதில் இல்லை என்றால், குழாய் யாருடையது என்ற கேள்விக்கே போக வேண்டியிருக்காது.

கரண்டியும் குற்றம், காலுறையும் குற்றம்

1970-களில் அமெரிக்க ஊர்களில் கஞ்சா புகைக்கும் குழாய்கள், தாள்கள் விற்கும் கடைகள் பெருகின. அவற்றை ஒழிக்க மத்தியப் போதைத் தடுப்புத் துறை 1979-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி மாநிலங்களுக்குக் கொடுத்தது. மாநிலங்கள் வரிசையாக அதை ஏற்றன. அலாஸ்காவில் மட்டும் மாநில அளவில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

அந்தச் சட்டத்தின் பட்டியலைப் படித்தால் திகைப்பாக இருக்கும். தராசு, கிண்ணம், கரண்டி, மிக்ஸி, பலூன், உறை. எந்த வீட்டுச் சமையலறையிலும் இருப்பவை. பொருள் குற்றமல்ல, அதைப் போதைக்குப் பயன்படுத்தும் நோக்கம்தான் குற்றம் என்கிறது சட்டம். நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் போதைப் பொருள் இருந்ததா, பொருளில் துகள் ஒட்டியிருந்ததா, வைத்திருந்தவர் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். ஆக, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கும் ஓர் அதிகாரியின் ஊகம்தான் முதல் சாட்சியம். கேட்ட கேள்விக்கெல்லாம் பயத்தில் பதில் சொல்லும் ஓட்டுநர் இரண்டாவது சாட்சியத்தைத் தானே கொடுத்துவிடுகிறார்.

கான்சஸ் மாநிலத்தில் ஒரு காலுறையே ‘உபகரணம்’ ஆனது. 2010-இல் குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதான ஒருவரைக் காவலில் சோதித்தபோது, காலுறைக்குள் நான்கு ஆரஞ்சு மாத்திரைகள் இருந்தன. மாத்திரைகளை ஒளித்துவைத்த காலுறைதான் உபகரணம் என்று வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்போடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார். அவர் துனிசியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து, பட்டம் பெற்று, கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து, கிரீன் கார்டு வாங்கியவர். அந்தக் காலுறைக்காக 2012-இல் அவரை நாடு கடத்தினார்கள். மூன்று வருடம் கழித்து, 2015 ஜூனில், நாடு கடத்தியது தவறு என்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சொன்னது. கான்சஸின் போதைப் பட்டியலில் மத்தியப் பட்டியலில் இல்லாத பொருள்களும் இருந்தன. அவருடைய வழக்கில் எந்தப் பொருள் என்றே அரசு நிரூபிக்கவில்லை என்பதுதான் அவரைக் காப்பாற்றிய காரணம். மெல்லூலி வழக்கு என்று இதைச் சொல்வார்கள். இதையும் எழுதியவர் கின்ஸ்பர்க்தான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கு ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நிறுத்துவதற்கு ஒரு சாக்கு

காரணமே இல்லாமல், லைசென்ஸ் பார்க்கிறேன் என்று சொல்லித் தோன்றிய வண்டியை நிறுத்தக்கூடாது என்று 1979-இலேயே ப்ரௌஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டன.

1996-இல் வ்ரென் வழக்கு. வாஷிங்டன் நகரில், போதைப் பொருள் குற்றங்களைப் பார்க்கும் சாதாரண உடைப் போலீஸார், நிறுத்தக் குறியில் 20 விநாடிக்கு மேல் நின்றுவிட்டு சிக்னல் போடாமல் திரும்பிய ஒரு வண்டியை மறித்தார்கள். அவர்கள் தேடியது சிக்னலையா, போதைப் பொருளையா என்று கேட்கத் தேவையில்லை, விதிமீறல் ஒன்று இருந்தால் போதும், உள்நோக்கம் பொருட்டல்ல என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அமெரிக்கப் போக்குவரத்து விதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பத்து கிலோமீட்டர் ஓட்டினால் ஏதாவது ஒரு விதியை மீறாமல் இருப்பது கடினம். எண் பலகையின் விளக்கு மங்கல், கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை, தடம் மாறும்போது அரை விநாடி தாமதமான சிக்னல். நிறுத்த நினைத்தால் யாரையும் நிறுத்தலாம் என்பதுதான் நடைமுறையில் இந்தத் தீர்ப்பின் விளைவு. இது தவறான தீர்ப்பு என்பதே என் உறுதியான கருத்து.

2014-இல் ஹீன் வழக்கு இன்னும் ஒரு படி போனது. வட கரோலினாவில் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை என்று காரை நிறுத்தினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி ஒரு விளக்கு எரிந்தால் போதும்! சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது போலீஸ். ஆனாலும் நியாயமான தவறுதான் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டுவிட்டார்கள். சட்டம் தெரியாது என்று குடிமகன் சொன்னால் அது மன்னிப்பாகாது. போலீஸ் சொன்னால் ஆகும்.

2016-இல் ஸ்ட்ரீஃப் வழக்கு. யூட்டா மாநிலத்தில், கண்காணிப்பில் இருந்த ஒரு வீட்டிலிருந்து வெளியே நடந்து வந்த ஒருவரை, போதிய சந்தேகம் இல்லாமலே துப்பறியும் அதிகாரி நிறுத்தினார். நிறுத்தியது சட்டவிரோதம் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய சின்னப் போக்குவரத்து வழக்கு ஒன்றுக்காக அவர் பேரில் வாரண்ட் பாக்கி இருந்தது. அதை வைத்துக் கைது, பிறகு சோதனை, பையில் மெத்தும் உபகரணமும். யூட்டா உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஒதுக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்று அது புரட்டிப் போடப்பட்டது. நீதிபதி சோனியா சோடோமயோரின் மாறுபட்ட தீர்ப்பு, இப்படி நிறுத்தப்படும் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை ஒளிவுமறைவில்லாமல் பேசியது.

அவர் சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இருட்டிய பிறகு, ஓட்டுபவரின் நிறம் வெளியே தெரியாத நேரத்தில், நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது. பகலில் போலீஸின் கண் எதைப் பார்த்து நிறுத்துகிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

கோர்ட்டில் கடிகாரம்தான் சாட்சி

இத்தனைக்குப் பிறகும் எதிர்த்து நிற்க வழி இருக்கிறது. சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தை வழக்கில் பயன்படுத்தக்கூடாது என்ற விதியை, 1961-இல் மேப் வழக்கு மாநில நீதிமன்றங்கள் அனைத்துக்கும் கொண்டுபோனது. நம் நாட்டில் அப்படியில்லை. 1974-இல் பூரன்மல் வழக்கில், சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் அதில் கிடைத்த சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த உரிமை தங்களுக்கு உண்டு என்பதே தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த உரிமையைப் பயன்படுத்தும் வழி, சாட்சியத்தை ஒதுக்கக் கோரும் மனு. வாரண்ட் இல்லாமல் சோதித்திருந்தால், அது சட்டப்படிதான் நடந்தது என்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. போலீஸ்காரர் கூண்டில் ஏற வேண்டும். நல்ல வக்கீல் இங்கே குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வண்டியை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? எந்த விதி, எந்தப் பிரிவு? அந்த விதிமீறல் உங்கள் கார் கேமராவில் தெரிகிறதா? கட்டுப்பாட்டு அறைக்கு எண்ணை எத்தனை மணிக்குச் சொன்னீர்கள்? லைசென்ஸ் சரி என்று எப்போது பதில் வந்தது? பதில் வந்த பிறகும் டிக்கெட் எழுதாமல், எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தது ஏன்?

அறிக்கையில் ‘தடம் விட்டுத் தடம் தாண்டியது’ என்று இருக்கும். வீடியோவில் கார் கோட்டைத் தொட்டிருக்கக்கூட மாட்டாது. அறிக்கையில் ‘சம்மதத்துடன் சோதித்தோம்’ என்று இருக்கும். சட்டையில் மாட்டிய கேமராவின் ஒலியில், லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டே அதிகாரி கேட்பது பதிவாகியிருக்கும். இந்த இடைவெளிகளில்தான் வழக்கு ஜெயிக்கிறது. பல காவல் துறைகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பழைய வீடியோக்களை அழித்துவிடுகின்றன. அதனால் வக்கீல் செய்ய வேண்டிய முதல் வேலை, வீடியோவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கேட்பது.

பின் சீட்டில் இருந்தவருக்கும் இதே உரிமை உண்டு. வண்டி என்னுடையதல்ல, நான் என்ன கேட்க முடியும் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் ப்ரெண்ட்லின் வழக்கில், நிறுத்தப்பட்ட காரில் பயணியாக இருந்தவரும் அந்த நிறுத்தத்தை எதிர்க்கலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

ஜெயிப்பது நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ராட்ரிகேஸே தன் தீர்ப்பின் பலனை அனுபவிக்கவில்லை. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் இருந்த தீர்ப்புகளை நம்பித்தான் போலீஸ் நடந்துகொண்டது என்று காரணம் சொல்லி, கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தண்டனையை அப்படியே வைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் அந்தத் தீர்ப்பு உதவுகிறது.

‘சம்மதிக்கிறாயா, நாயைக் கூப்பிடவா?’

2010 ஆகஸ்ட். லூசியானாவைச் சேர்ந்த ஒரு பெண், நண்பர் ஓட்டிய காரில் டெக்சஸின் ஹூஸ்டனில் போய்க்கொண்டிருந்தார். தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தினார்கள். கூரை உறையில் ஊசி ஒன்று தெரிவதாக ஒரு அதிகாரி சொன்னார். காரைச் சோதிக்கச் சம்மதமா என்று இன்னொரு அதிகாரி கேட்டார். மறுத்தால் நாயை வரவழைப்பேன் என்றார். அந்தப் பெண் சம்மதித்தார். தரையில் கிடந்த ஒரு வெள்ளைத் துணுக்கை எடுத்து, ஏறக்குறைய இரண்டு டாலர் விலையுள்ள சோதனைப் பொட்டலத்தில் போட்டார்கள். நிறம் மாறியது. கொக்கைன் என்றார்கள்.

இரண்டே நாளில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் 45 நாள் சிறை, ஒப்புக்கொள்ளாமல் தோற்றால் வருடக்கணக்கில் சிறை என்ற நிலை. வேலை போனது. மறு வருடம் ஆய்வகம் சொன்னது: எதிலும் போதைப் பொருள் இல்லை. அந்தச் செய்தி அவரை வந்தடையப் பல வருடங்கள் ஆயின. 2016-இல்தான் தண்டனை ரத்தானது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில்தான் மனம் நிற்கிறது. சம்மதிக்கிறாயா, நாயைக் கூப்பிடவா என்று கேட்ட அந்த நிமிடம். மறுக்கலாம் என்று போலீஸ் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 1973-இலேயே உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. சம்மதம் கொடுத்துவிட்டால், பிறகு எந்த மனுவும் பலவீனமாகிவிடும்.

சிறை இல்லை, அதனால் வக்கீலும் இல்லை

டெக்சஸில் உபகரணம் வைத்திருப்பது கடைசிப் படிக் குற்றம். 500 டாலர் வரை அபராதம், சிறை கிடையாது. கேட்க ஆறுதலாக இருக்கும். பொறியே அதுதான். சிறைத்தண்டனை விதிக்கப்படாத வழக்கில் அரசு செலவில் வக்கீல் தர வேண்டியதில்லை என்று 1979-இல் ஸ்காட் வழக்கில் தீர்ப்பு. வக்கீலைத் தானே அமர்த்தினால் அபராதத்தைப் போலப் பல மடங்கு செலவு. ஆகவே பெரும்பாலோர் கட்டிவிட்டுப் போகிறார்கள். டெக்சஸில் இப்படிப்பட்ட வழக்குகளில் அபராதத்தைக் கட்டினாலே வழக்கை எதிர்க்கவில்லை என்று பொருள். குற்றத் தீர்ப்பு பதிவாகிவிடும்.

அமெரிக்கக் குடிமகனுக்கு அது ஒரு கறை. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு, காலுறை வழக்கின் மெல்லூலிக்கு நடந்ததுபோல, அதுவே வாழ்க்கையைப் புரட்டிப் போடும். போதைப் பொருள் தொடர்பான எந்தக் குற்றத் தீர்ப்பும் நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம் என்கிறது குடியேற்றச் சட்டம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை என்பதற்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கும் நாடு கடத்தலுக்குத்தான். அடுத்த முறை விசா முத்திரைக்காகச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நிற்கும்போது அது கைகொடுக்காது.

இதைவிட மோசமான ஒரு பொறி உண்டு. ‘ஒப்புக்கொள், ஆறு மாதம் ஒழுங்காக இரு, வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்’ என்று உள்ளூர் கோர்ட் சொல்லும். மாநிலச் சட்டத்தில் அது தள்ளுபடிதான். மத்தியக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ ஏற்றால் அது குற்றத் தீர்ப்பு. தள்ளுபடி ஆன காகிதம் அங்கே செல்லாது.

2010-இல் படில்லா வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அருமையான தீர்ப்பு. ஆனால் வக்கீலே இல்லாதவனுக்கு யார் சொல்வது? 500 டாலர் வழக்கில் சிறை இல்லை, சிறை இல்லாததால் இலவச வக்கீல் இல்லை, வக்கீல் இல்லாததால் எச்சரிக்கை இல்லை. மிகச் சின்னக் குற்றம் என்பதாலேயே மிகப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் வந்து சேர்கிறது.

கஞ்சாவைச் சட்டப்படி விற்கும் கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் இதில் எளிதாக ஏமாறுகிறார்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்துக்கு அது தடை செய்யப்பட்ட பொருள். கடையில் ரசீதோடு வாங்கிய குழாயுடன் கஞ்சாவை அனுமதிக்காத மாநிலத்துக்குள் நுழைந்தால், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அது குற்றம்.

சில மாநிலங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. வர்ஜீனியா 2020-இல் சட்டம் இயற்றி, விளக்கு பழுது போன்ற சின்னக் குறைகளுக்காகவோ கஞ்சா வாசனைக்காகவோ மட்டும் வண்டியை நிறுத்தக்கூடாது என்றது. பிலடெல்பியா நகரம் 2022-இலிருந்து சில சின்ன விதிமீறல்களுக்காக மறிப்பதைக் கைவிட்டது. மினசோட்டா 2023-இல் உபகரணங்கள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. மற்ற மாநிலங்களும் இந்த வழிக்கு வர வேண்டும். கரண்டியையும் காலுறையையும் குற்றமாக்கும் சட்டத்தால் எந்த அடிமையும் மீண்டதில்லை.

போதைப் பழக்கத்தை நியாயப்படுத்த ஒரு வரியும் இங்கே எழுதவில்லை. சட்டத்தை மீறிச் சட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்பதற்காகவே இத்தனையும் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் கார் ஓட்டுகிறார்களா? அடுத்த வீடியோ காலில் இதைச் சொல்லுங்கள். போலீஸ் நிறுத்தினால் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் தெரிய இருக்கட்டும். லைசென்ஸ் கேட்டால் கொடு, இறங்கச் சொன்னால் இறங்கு, எதிர்த்து மல்லுக்கட்டாதே. காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், ‘ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்’ என்று ஒருமுறை அமைதியாகச் சொல். டிக்கெட் கைக்கு வந்ததும், ‘ஆம் ஐ ஃப்ரீ டு கோ?’ என்று கேள். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று வீட்டுக்கு வந்த கையோடு எழுதி வை. வழக்கு போட்டுவிட்டால், குற்றவியல் வக்கீல் ஒருவரையும் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் பார்க்கும்வரை ஒரு டாலர்கூட அபராதம் கட்டாதே, எந்தக் காகிதத்திலும் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாதே.